மாவைப் போலொரு மரம்

மட்டக்களப்பு வாவியின் தென்கோடி கல்முனைக்கு மேற்கே வயல்வெளிகளை வந்து தொடுகின்றது. இத்தகைய உவர்நீர்க் கரைகளை நாடி வளரும் மரமொன்று உண்டு. தூரத்தில் நின்று பார்ப்பவர் அதனை மாமரமென்றே எண்ணுவர். நீண்டு நுனி கூர்ந்த கரும்பச்சை இலைகள் கொம்பின் முனையிற் கொத்தாகக் கூடியிருக்கும். அவற்றின் நடுவே இளமாங்காயை ஒத்த காய் தொங்கும். மரங்களோடு பழகாது வளர்ந்த சிறுவன் ஒருவன் அதனைக் கண்டு, "இது என்ன மரம், வாப்பா?" என்று கேட்பானாயின் நல்லது. கேளாமலே பறித்துக் கடித்துவிட்டால் என் செய்வது?

நச்சுக்காய் என்று நம்மவர் அதற்கு இட்ட பெயர் பொய்யன்று. மலையாளத்தார் அதன் இனத்தை ஒதளம் என்பர். தாவர நூலறிஞர் லின்னேயசு, 1753ஆம் ஆண்டில், 'செர்பரா மங்காசு' என்று பெயர் சூட்டினார். பாதாளத்தின் வாயிலைக் காப்பதாகக் கிரேக்கர் கதை கூறும் நாயின் பெயர் முற்பாதியில். மாங்காயின் சாயல் பிற்பாதியில். மயக்கத்தையும் மரணத்தையும் ஒரே பெயரில் அடக்கியது வியப்புக்குரியதே. ஆயினும், "தொடாதே மகன், நச்சுக்காய்" என்று மூத்தம்மா ஒருத்தி அதட்டும் சொல்லுக்கு உள்ள பயன் அந்த இலத்தீன் பெயருக்கு இல்லை.

மாவினின்றும் இதனைப் பிரித்தறிவது எங்ஙனம்? காயை மட்டும் பார்த்து முடிவு செய்தலே முதற் பிழை. இலையைக் கிள்ளிப் பாருங்கள். நச்சுக்காயின் இலைக் காம்பிலிருந்து வெண்பால் குபீரெனச் சுரக்கும். மாவிலையைக் கசக்கினால் அதற்கே உரிய மணம் எழும், வெண்பால் வராது. மாங்காயின் காம்பிலும் 'பால்' வடியுமே என்பீர்கள். அது தெளிந்த பிசின். மாவின் மணம் அதிலும் உண்டு. பூக்குங் காலமாயின் ஐயமே வேண்டாம். மாம்பூ கடுகளவானது, நச்சுக்காயின் பூவோ ஐந்து இதழ் விரிந்த பெரிய வெண்பூ, நறுமணமுடையது. அதன் நடுக்கண் சிவந்திருப்பது ஓரினம், மஞ்சளாயிருப்பது மற்றோரினம். இவ்விரண்டையும் நூலோரே நெடுங்காலம் மயங்கி எழுதிவந்தனர். காயைப் பிளந்தால் சதைப்பற்றுக்குப் பதிலாகத் தேங்காய் மட்டை போன்ற நாரே மிகுதி. அந்த நாரின் உதவியாற்றான் காய் கடலில் மிதந்து கரைகள் பலவற்றை அடைகின்றது.

பால் சுரப்பதெல்லாம் நஞ்சென்று கொள்ளற்க. கோடையில் நாம் விரும்பியுண்ணும் பாலைப்பழமும் பால் மரத்தின் கனியே. பால் இல்லாதது தீங்கற்றது என்பதும் தவறு. எட்டிப்பழம் தோடம்பழம் போல் உருண்டு பழுக்கும், பால் கிடையாது, ஆனால் அதன் வித்துக் கொடிய நஞ்சு. இரண்டிரண்டாய் எதிரெதிரே நிற்கும் இலைகளும், அவற்றின் அடியிலிருந்தே பிரிந்தோடும் நரம்புகளுமே எட்டியைக் காட்டிக்கொடுக்கும்.

நச்சுக்காயின் பருப்பிலுள்ள நஞ்சு இதயத்தின் துடிப்பைக் குலைப்பது. அலரியும் பொன்னலரியும் இதன் குடும்பத்தவையே. கேரளத்தில் 1989 முதல் 1999 வரை 537 பேர் ஒதளத்தின் நஞ்சால் இறந்ததாக ஆய்வாளர் 2004இல் எழுதினர். மடகாசுகரில் முற்காலத்தில் குற்றஞ் சாட்டப்பட்டவர்க்கு இவ்வினத்தின் பருப்பை ஊட்டி, பிழைத்தவர் நிரபராதி என்று தீர்த்தார்களாம்! நீதி வழங்கும் பொறுப்பை மரத்தின் மீது சுமத்தியவர்களை என்னென்பது?

ஐயமுள்ள மரத்தை அறிந்தவரிடம் காட்ட விரும்புவோர், தனியொரு காயைப் பையிற் போட்டுச் செல்வதில் பயனில்லை. இலைகள் நிறைந்த சிறு கொம்பொன்று, காய், கிடைத்தாற் பூ, மரம் நின்ற இடத்தின் குறிப்பு ஆகிய யாவும் வேண்டும். இலங்கைத் தாவரங்கள் பற்றி 1893 முதல் 1900 வரை வெளிவந்த திரைமனின் பெருநூல், நம் மரங்களின் தமிழ்ப் பெயர்களையும் குறித்துள்ளது. பேராதனைத் தாவரத் தோட்டத்தில் உலர்த்திச் சேமித்த மாதிரிகளும் உள.

ஆனால் ஒரு பிள்ளை அறியாத காயைக் கடித்துவிட்டால் நூலைத் தேடி நிற்க நேரமில்லை. ஆசுபத்திரிக்கு விரையுங்கள். போகும்போது கடித்த காயின் மிச்சத்தையும், அந்த மரத்தின் இலைக்கொத்து ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; பிள்ளையால் சொல்ல முடியாததை வைத்தியருக்கு அவை சொல்லும்.