மணிபிளாண்ட் தருவது பணமா?

நம் இல்லங்கள் பலவற்றில், திருஇருதய ஆண்டவர் படத்தின் அருகே கண்ணாடிப் புட்டியில் பசுங்கொடி ஒன்று தழைத்திருக்கக் காண்கிறோம். மணிபிளாண்ட் என்பது அதன் பெயர். அது செழித்தால் செல்வம் பெருகும் என்றும், அயலார் வீட்டில் கேளாமல் கிள்ளி வந்து வைத்தால்தான் பலிக்கும் என்றும் சொல்லுவர். களவு பாவம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாமே இதனை வேடிக்கை என்று விட்டுவிடலாமா? இச்செடியின் உண்மை இயல்பை அறிந்தால் மூடநம்பிக்கை தானே அகலும்.

இது சேம்பும் கருணையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. பிரெஞ்சு பாலினேசியாவின் மூரேயா தீவே இதன் தாயகம். 1880-இல் தாவர நூலார் இதற்குப் பெயரிட்டனர். ஆயினும் இது பூப்பது மிக அரிதாதலின், எவ்வினத்தில் சேர்ப்பதென்று நெடுங்காலம் தடுமாறினர். எபிப்ரெம்னம் ஆரியம் என்ற பெயரை 1964-இல்தான் இது பெற்றது. ஜிப்பரலின் என்னும் வளரூக்கியின் குறைவே பூவாமைக்குக் காரணம் என்று 2016-இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

பிலோடென்ட்ரான் என்னும் கொடியை இதுவென்று மயங்குவோர் உண்டு. மணிபிளாண்டின் இலை தடித்து, மெழுகு பூசினாற்போல் மின்னும். காம்பின் மேற்புறம் பள்ளமாயிருக்கும். பிலோடென்ட்ரான் இலையோ மெல்லியது. அதன் தளிர் தனியொரு உறைக்குள்ளிருந்து வெளிப்படும். அவ்வுறை பின்னர் உலர்ந்து உதிரும்.

வளர்ப்பதற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. கணுவொன்றும் இலையொன்றும் உள்ள துண்டை, கணு நீரில் மூழ்குமாறு வைத்தால் வேர்விடும். கணுவில்லாத தனி இலை கொடியாகாது. சன்னலோர வெளிச்சம் போதும். கடுவெயில் இலையைக் கருக்கிவிடும். வெளிச்சம் மிகக் குறைந்தால் மஞ்சள் வரிகள் மங்கும். தொட்டியில் வைத்தால், மேல்மண் ஓரங்குலம் உலர்ந்த பின்பே நீர் விடுக. நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலின் தொட்டியின் அடியில் துளை இருத்தல் வேண்டும்.

இரண்டு செய்திகளில் தாய்மார் விழிப்பாயிருத்தல் நலம். முதலாவது, புட்டியிலுள்ள தெளிநீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளுமாதலால், நீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை புட்டியின் உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவி, வாயைப் பஞ்சினால் அடைத்திடுக.

இரண்டாவது, கருணைக்கிழங்கு நாவை அரிக்கச் செய்யும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இவ்விலையிலும் உள்ளன. தவழும் குழந்தை இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும், எச்சில் வடியும். உடனே வாயிலுள்ளதை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, மருத்துவரிடம் காட்டுக. வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். கொடியை எட்டாத உயரத்தில் வைப்பதே மேலானது.

நம்மை வாழ்விப்பது இறைவனின் பராமரிப்பே அன்றி ஒரு கொடியன்று. படைத்தவரை நம்புவோம், அவர் படைத்ததைப் பேணுவோம். நம் கொடி தழைத்தபின், அடுத்த வீட்டார் திருட வேண்டாதபடி, கணுவோடு ஒரு துண்டை நறுக்கி நாமே அவர்களுக்கு அன்புடன் வழங்குவோமாக. அச்செடியால் நம் இல்லத்திற்கு வரக்கூடிய செல்வம் அந்த அயலார் நேசமே.