எஞ்சினுக்கு வந்த தாகம்

தாம்பரம் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரைத்தளத்தோடு குடியிருந்த வரையில் அரைக் குதிரைசக்தி மோட்டார் தாராளமாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கும். மகனுக்குக் கல்யாணம் ஆகிறது. ஒரு மாடி எழும்புகிறது. பிறகு அதன் மேல் இன்னொரு மாடி. ஒரு நாள் காலையில் மேல்மாடிக் குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றுதான் வருகிறது. வீடு வளர்ந்துவிட்டது, மோட்டார் வளரவில்லை!

படகு எஞ்சினுக்கும் இதே கதைதான் நேருகிறது. சின்ன எஞ்சினை எடுத்துவிட்டுப் பெரிய எஞ்சினை வைக்கிறார்கள். அல்லது இருக்கிற எஞ்சினையே முடுக்கிவிட்டு அதிக வேகம் கேட்கிறார்கள். துறையருகே மெதுவாக ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. நடுக்கடலில் முழு வேகம் கொடுத்ததும் கொஞ்ச தூரம் பறந்துவிட்டு, இருமுகிறது, விக்குகிறது, நின்றே போகிறது. எஞ்சினில் கோளாறு இல்லை. அதற்குத் தாகம்!

மாடி வீட்டுக்காரர் தண்ணீர் வராவிட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகலாம். கடலில் பக்கத்து வீடு கிடையாது.

நெஞ்சுக்குள் ஒரு சவ்வு

பெட்ரோல் பம்பு என்றதும் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாம் சொல்லுவது தொட்டியில் இருக்கிற எண்ணெயை எஞ்சினுக்குக் கொண்டு சேர்க்கிற, கைக்குள் அடங்கும் சின்ன சாமான். எரிபொருள் பம்பு என்று பெயர்.

கோவளம், நீலாங்கரைக் கடற்கரைகளில் பைபர் படகின் பின்பக்கம் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். கார்புரேட்டர் வைத்த அந்த ரகத்தில் பம்புக்குள் இருப்பது மெல்லிய சவ்வு ஒன்று, டயாப்ரம் என்பார்கள். எஞ்சின் ஓடும்போது அதன் வயிற்றுக்குள் ஏறி இறங்கும் அழுத்தமே இந்தச் சவ்வை முன்னும் பின்னும் அசைக்கிறது. பின்னால் போகும்போது தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சுகிறது; முன்னால் வரும்போது கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. இரண்டு சின்ன வால்வுகள் எண்ணெய் திரும்பி ஓடாமல் காவல் காக்கின்றன. நம் இதயம் செய்கிற வேலை இதுதான். இதயத்துக்கு என்ன மரியாதை கொடுக்கிறோமோ அந்த மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும்.

உடம்பு பெருத்த பிறகு இதயம் சிறுத்திருந்தால் என்ன ஆகும்? இதை உலகத்துக்குக் காட்டிய ஒரு படகின் கதை உண்டு. அது நடந்தது இங்கிலாந்தில். ஆனால் தாம்பரத்து வானத்துக்கும் அதற்கும் ஒரு தூரத்து உறவு இருக்கிறது.

விமான எஞ்சின் ஏறிய படகு

தாம்பரம் விமானப்படை நிலையத்தில், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களைத் தயார் செய்யும் பள்ளி 1954 முதல் நடந்து வருகிறது. அங்கே பல ஆண்டுகள் 'கிரண்' ஜெட் விமானங்கள் பறந்தன. அந்தக் கிரண் குடும்பத்தின் இரண்டாவது ரகத்தில் இருந்த எஞ்சினுக்கு ஆர்ஃபியஸ் என்று பெயர். சாகசம் செய்து காட்டும் நமது சூரியகிரண் குழுவினர் 2011 வரை பறந்தது அந்த ரகத்தில்தான். 1965 யுத்தத்தில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்துப் பெயர் வாங்கிய குட்டி 'நாட்' விமானத்துக்கும் ஆர்ஃபியஸ்தான் எஞ்சின். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் இந்த எஞ்சினை உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள்.

இந்த எஞ்சினைப் படகில் பூட்டியவர் டொனால்ட் காம்ப்பெல் என்ற ஆங்கிலேயர். அவருடைய ஜெட் படகின் பெயர் 'புளூபேர்ட் கே-7'. அதில் அவர் 1955-லிருந்து 1964-க்குள் ஏழு முறை நீர்மேல் வேக சாதனை படைத்தார். கடைசிச் சாதனை 1964 டிசம்பர் 31-ந் தேதி ஆஸ்திரேலியாவில் மணிக்கு 276.33 மைல், அதாவது சுமார் 445 கிலோமீட்டர். அதே ஆண்டில் தரை வேக சாதனையையும் அவர் படைத்திருந்தார். ஒரே ஆண்டில் இரண்டையும் சாதித்த மனிதர் அவர் ஒருவரே.

ஆனாலும் மனம் ஆறவில்லை. மணிக்கு 300 மைலைத் தாண்ட வேண்டும் என்று ஆசை. பழைய எஞ்சின் போதாது என்று, விபத்தில் சேதமான ஒரு நாட் விமானத்தை விலைக்கு வாங்கினார். 4,500 பவுண்டு உந்துவிசை தரும் ஆர்ஃபியஸ் படகில் ஏறியது. நாட் விமானத்தின் வால் துடுப்பும் கூடவே வந்து சேர்ந்தது.

1966 நவம்பரில் இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் சோதனை தொடங்கியது. முதலில், காற்றை உள்ளே விடும் வாய் நொறுங்கி, சிதறல்களை எஞ்சின் விழுங்கிவிட்டது. அதைச் சரி செய்தார்கள். பிறகும் வேகம் ஒரு எல்லைக்கு மேல் எழவில்லை. காரணம் என்ன? எஞ்சின் புதியது, பலமுள்ளது. அதற்கு வேண்டிய அளவு எண்ணெய் மட்டும் போய்ச் சேரவில்லை!  எண்ணெய் போகும் வழியைத் திருத்தி, ஒரு பம்பையும் மாற்றிய பிறகு, டிசம்பர் கடைசியில்தான் தாகம் தீர்ந்தது.

1967 ஜனவரி 4-ந் தேதி காலை. போகும் ஓட்டத்தில் சராசரி 297.6 மைல். சாதனைக்குத் திரும்பும் ஓட்டமும் சேர வேண்டும். எண்ணெய் நிரப்பி, கிளம்பிய அலை அடங்கும்வரை காத்திருந்து திரும்புவது என்பது திட்டம். காம்ப்பெல் காத்திருக்கவில்லை, உடனே திரும்பினார். வேகம் 320 மைலையும் தாண்டியது. படகின் மூக்கு மேலே எழுந்தது. காற்றில் குட்டிக்கரணம் போட்டு நீரில் மோதிச் சிதறியது. காம்ப்பெல் மறைந்தார். அடங்காத அலை, படகு தாங்கக்கூடிய எல்லையைக் கடந்த வேகம், அந்தக் கணத்தில் எஞ்சின் அணைந்திருக்கக்கூடிய நிலைமை என்று நிபுணர்கள் பல காரணங்களைச் சொல்லுகிறார்கள்.

படகின் உடல் 2001-ல் ஏரியிலிருந்து மீட்கப்பட்டது. செப்பனிடப்பட்டு, 2018-ல் மறுபடியும் தண்ணீரில் ஓடியது. 2024-ல் கோனிஸ்டன் ஊர் அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"அது ராட்சஸப் படகு. நம்முடைய விசைப் படகுக்கு என்ன கணக்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். கணக்கு சுலபமானதுதான். பெட்ரோலில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் போகும்போது, ஒரு குதிரைசக்திக்கு மணிக்குச் சுமார் 225 கிராம் பெட்ரோல் வேண்டும். 300 குதிரைசக்தி என்றால் 67 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. லிட்டரில் ஏறக்குறைய 90. நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர்! நல்ல பெரிய செம்பு ஒன்றை நிமிஷத்துக்கு ஒரு தரம் எஞ்சினின் வாயில் கவிழ்ப்பது போல. பம்பு இந்த அளவைக் கொடுத்து, அதற்கு மேலும் கொஞ்சம் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

குறைந்தால் என்ன? எஞ்சின் நின்றுவிட்டால் அது நல்ல காலம். நிற்காமல் குறைந்த பெட்ரோலும் நிறைந்த காற்றுமாக ஓடினால் உள்ளே சூடு ஏறி, பிஸ்டன் தலையில் ஓட்டையே விழுந்துவிடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு கலந்துதான் மசகு எண்ணெய் போகிறது என்றால் கஷ்டம் இரட்டிப்பு. பட்டினியோடு வறட்சியும் சேர்ந்துகொள்ளும்.

"அப்படியானால் இருப்பதிலேயே பெரிய பம்பை வாங்கிப் போட்டால் தீர்ந்தது!" என்பீர்கள். தீராது. கார்புரேட்டர் தாங்குவது சதுர அங்குலத்துக்குச் சுமார் 4 முதல் 7 பவுண்டு அழுத்தம். அதற்கு மேல் தள்ளினால் உள்ளேயிருக்கும் ஊசி வால்வை மீறிப் பெட்ரோல் வழியத் தொடங்கும். இன்னொன்று: பம்பு தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் அத்தனை கெட்டி அல்ல. பழைய மெல்லிய குழாயையும் அழுக்கடைந்த வடிகட்டியையும் வைத்துக்கொண்டு பலமாக உறிஞ்சினால், சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிக் குமிழியிடும். மேல்மாடிக் குழாயில் வந்த அதே 'புஸ்'தான்! ஆகவே பம்பைப் பெரிதாக்குகிறவர் தொட்டி முதல் எஞ்சின் வரையிலுள்ள வழி முழுவதையும் பார்த்தாக வேண்டும்.

காருக்கு ஆவது படகுக்கு ஆகாது

ஆபத்தான சபலம் ஒன்று உண்டு. பல படகு எஞ்சின்கள் கார் எஞ்சினின் உடன்பிறப்புகள். காரின் பம்பு பார்வைக்கு அதே போல இருக்கும், விலையோ குறைவு. "எல்லாம் ஒன்றுதானே!" என்று தோன்றும்.

ஒன்று அல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் அடிப்பக்கம் திறந்திருக்கிறது. காற்றில் கலந்து போய்விடும். படகின் அடிப்பக்கமோ மூடிய தொட்டி. கசிந்த ஆவி அங்கே இறங்கித் தங்கும். அதற்கு வேண்டியது ஒரே ஒரு பொறி.

அதனால்தான் படகுக்கென்று தனிப் பம்பு செய்கிறார்கள். மின்சாரப் பம்பாக இருந்தால் அதன் பொறி வெளியே வர முடியாதபடி அடைத்திருக்கும். எஞ்சினே இயக்கும் பம்பாக இருந்தால், சவ்வு கிழிந்தாலும் பெட்ரோல் படகுக்குள் கொட்டாமல் ஒரு குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கே போய்விடும். எஞ்சின் நின்றதும் மின்சாரப் பம்பும் தானாக நின்றுவிட ஏற்பாடு இருக்கவேண்டும். எஞ்சின் அறை மூடியுள்ள படகில், கிளப்புவதற்கு முன் நான்கு நிமிஷமாவது காற்றாடியை ஓட்டி ஆவியை வெளியேற்றுவது அனுபவசாலிகள் விடாத வழக்கம். விலையில் மிச்சம் பிடிக்கும் தொகை இந்தக் காவலுக்கெல்லாம் ஈடாகுமா?

நம் கடற்கரைக்கு ஒரு வார்த்தை

பாயையும் துடுப்பையும் நம்பிக் கட்டுமரத்தில் போன தலைமுறைக்கு இந்தக் கவலை இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நமது கரைகளில் பைபர் படகுகள் பெருகிவிட்டன. எஞ்சினோடு அதன் தாகமும் வந்தது.

சின்ன அவுட்போர்டு எஞ்சினுக்குப் பெரிய பம்பு வேண்டியதில்லை. இருக்கிற பம்பைப் பேணினால் போதும். நீரைப் பிரிக்கும் வடிகட்டியை அடிக்கடி பார்க்கலாம். தொட்டி மூடியின் காற்றுத் துவாரம் திறந்திருக்கிறதா என்று கவனிக்கலாம். கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ் வெடித்திருந்தால் மாற்றிவிடலாம். இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்ச் சவ்வையும் குழாயையும் அது கெடுக்கக்கூடும். வயதான எஞ்சின் வைத்திருப்பவர்கள், அதற்குத் தாங்கும் சவ்வாகப் பார்த்து மாற்றிக்கொள்வது நல்லது.

பெரிய எஞ்சின் வாங்கியவர் அதைப் பத்துப் பேருக்குக் காட்டி மகிழ்கிறார். பம்பை யாரும் காட்டுவதில்லை. மூடிக்குள்ளே மறைந்து கிடக்கிறது. ஆனால் கரையில் காத்திருக்கும் குடும்பத்தினரிடம் அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பில் பெரும்பங்கு அந்தச் சின்ன சவ்வினுடையது. அடுத்த முறை எஞ்சினுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டும்போது, உள்ளே இருக்கிற அதையும் ஒரு தரம் திறந்து பாருங்கள்.