தீவு மண்ணும் நாங்கூழ் எச்சமும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்றோடு தொடங்கும் இம்மழை, வடகிழக்குப் பருவக்காற்றும் தொடர்வதால் டிசம்பர் வரை நீள்கிறது. அதன்பின் ஏப்ரல் வரை நிலம் வறண்டு கிடக்கிறது. இவ்வளவு நீர் மண்ணுக்குள் இறங்கும்போது, அங்குள்ள தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து, வேருக்கு எட்டாத ஆழத்துக்கோ சரிவின் வழியே கடலுக்கோ கொண்டுபோய்விடுகிறது. சத்து இவ்வாறு அலசப்படுவதால் தீவுகளின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் அமிலத்தன்மை மிகுந்தவையாகிவிட்டன. இரசாயன உரங்களோ, சென்னை, கொல்கத்தா போன்ற துறைமுகங்களிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கப்பலில் வந்திறங்கி, நீரில் எளிதில் கரையும் இயல்பினால் அதே மழையோடு போய்விடுகின்றன. மழை தாங்கி நின்று ஊட்டம் தரவல்ல பொருளே இம்மண்ணுக்குத் தேவை. பழந்தமிழில் நாங்கூழ் எனப்பட்ட மண்புழுவின் எச்சம் அத்தகையது.

மண்புழுவுக்குப் பற்கள் இல்லை. மட்கிய இலையையும் மண்ணையும் சேர்த்தே விழுங்கும் அது, அரைவைப்பை எனப்படும் தசைப்பையில் நுண்மணல் துகள்களையே ஆட்டுக்கல்லாகக் கொண்டு அவற்றை அரைக்கிறது. அரைபட்ட கூழ் குடலில் நகரும்போது நொதிகளும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் அதைச் சிதைக்கின்றன. பல இனங்களில் உணவுக்குழலை ஒட்டிய சுண்ணச் சுரப்பிகள் கால்சியம் கார்பனேட்டைக் கசியவிடுகின்றன. இறுதியில் சளிப்படலம் பூசிய சிறு குறுணைகளாக எச்சம் வெளியேறுகிறது. இக்குறுணையிலுள்ள மக்கு, அதாவது மேலும் எளிதில் சிதையாத கரிமப்பொருள், எதிர்மின்னூட்டம் கொண்ட பரப்புகளை உடையது. நேர்மின்னூட்டமுள்ள சாம்பல்சத்தும் கால்சியமும் மக்னீசியமும் அப்பரப்புகளில் ஒட்டி நின்று, வேர் கேட்கும்போது சிறிது சிறிதாக விடுபடுகின்றன. எச்சத்தில் தழைச்சத்து பொதுவாக 1 முதல் 2 விழுக்காடுதான். யூரியாவில் அது 46 விழுக்காடு. இந்த ஒற்றை எண்ணை வைத்து எச்சத்தை எளியதென ஒதுக்குவது பிழையான கணக்கு, ஏனெனில் மண்ணில் இடப்பட்டதைவிட மண்ணில் தங்கியதே பயிருக்கு உதவுகிறது.

மண்புழுவின் இப்பணியைச் சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட நூலில் ஆண்டுக்கணக்கான கண்காணிப்பின் பயனாக விளக்கினார். பத்தாண்டுகளுக்குப்பின், 1891இல், பெ. சுந்தரம் பிள்ளை தம் மனோன்மணீயம் நாடகத்தில் உழவனின் நண்பனாகிய நாங்கூழைப் போற்றினார் என்பது தமிழர் மகிழ்ந்து நினைக்கத்தக்கது.

ஆனால் எச்சத்தை உரமாகப் பெறுவதற்கென அமைக்கும் உரப்படுக்கைக்கு எல்லா மண்புழுக்களும் பொருந்துவதில்லை. ஆழத்தில் வளைதோண்டி வாழ்பவற்றை விடுத்து, மேற்பரப்பில் மட்கும் குப்பையைத் தின்னும் இனங்களே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட யூட்ரிலஸ் யூஜீனியே, ஐரோப்பாவின் ஐசீனியா ஃபெடிடா, தெற்காசியாவின் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவை பரவலாக வளர்க்கப்படுபவை. தீவுகளின் உயிர்ச்சூழல் அயல் இனங்களால் எளிதில் குலையக்கூடியதாகையால், உள்ளூரில் ஏற்கெனவே வாழும் புழுக்களைப் பெருக்கிப் பயன்படுத்துவதே இங்கு அறிவுடைய வழியாகும்.

மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. தென்னையும் பாக்கும் நிறைந்த தீவுகளில் உதிரும் ஓலையும் மட்டையும் வாழைத்தண்டும் எரிக்கப்படவோ வீணாகவோ வேண்டியதில்லை. தென்னை ஓலை நார் மிகுந்து மெல்ல மட்குவதாயினும், காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பத்துப் பங்கு ஓலைக்கு ஒரு பங்கு சாணம் கலந்து, யூட்ரிலஸ் வகைப் புழுக்களைக் கொண்டு அதை உரமாக்கும் முறையை வகுத்துள்ளது. புதுச்சாணமும் பச்சைக் குப்பையும் நொதிக்கும்போது எழும் சூடு புழுவைக் கொன்றுவிடுமாதலால், கலவையை இரண்டு மூன்று வாரம் மட்கவிட்டுச் சூடு தணிந்தபின்பே புழுக்களை விடவேண்டும். தோலால் மூச்சுவிடும் இவ்வுயிருக்கு ஈரம் இன்றியமையாதது. ஆயினும் நீர் தேங்கினால் காற்றின்றி இறக்கும் அல்லது படுக்கையைவிட்டு வெளியேறும். ஆகவே தீவுகளில் கூரையும், மேடான தளமும், நீர் வடியும் துளைகளும் இல்லாத உரப்படுக்கை முதல் பெருமழையைத் தாண்டாது. எறும்பு ஏறாமலிருக்கத் தொட்டியைச் சுற்றி நீர் நிறைந்த வாய்க்கால் அமைப்பதும் வழக்கம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உப்புநீர் புகுந்த வயல்களில் எச்சம் மட்டுமே மருந்தாகிவிடாது. உப்பை அலச வடிகாலும் மழைநீரும் வேண்டும். ஆனால் சோடியத்தால் இறுகிய மண்ணை மீண்டும் பொலபொலப்பாக்கி, நீர் உள்ளிறங்க வழிசெய்வதில் கரிமப்பொருளின் பங்கு பெரிது.

கார் நிக்கோபார், நன்கவுரி தீவுத்தொகுதிகளில் 14,491 ஹெக்டேர் நிலப்பரப்பு 2021இல் இயற்கை வேளாண் பகுதியாகச் சான்றளிக்கப்பட்டது. இரசாயன இடுபொருள்களின் விற்பனையும் பயன்பாடும் அங்குக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. அத்தகைய நிலத்தில் ஊட்டம் உள்ளூரிலேயே உருவாக வேண்டியிருப்பதால் பருவமறிந்து படுக்கையிடுவது முக்கியம். சனவரியில் ஓலையைச் சேர்த்து மட்கவிட்டு, வறண்ட மாதங்களில் நனைத்த சாக்கால் மூடி ஈரங்காத்தால், ஏறத்தாழ 75 நாளில் தேயிலைத்தூள் போன்ற, மண்வாசம் வீசும் உரம் கிடைத்துவிடுகிறது. நீர் தெளிப்பதைச் சில நாள் நிறுத்தினால் புழுக்கள் ஈரம் தேடி அடியில் இறங்கிவிடும். மேலுள்ள எச்சத்தை வழித்தெடுத்து, நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்காகக் கலந்து நாற்றுத் தொட்டிகளை நிரப்பலாம். மே மாத முதல் மழைக்குள் நாற்றுகளும் நடவுக்கு ஆயத்தமாகியிருக்கும்.