கிலோமீட்டரை விடுங்கள், மணியைக் கேளுங்கள்

'கை மாறும் கார்கள்' – 9

திருவனந்தபுரத்தில் வண்டி வாங்குகிறவர்களில் பலர் அதை முதலில் கொண்டுபோய் நிறுத்துவது பழவங்காடி கணபதி கோயில் வாசலில்தான். ராணுவத்தின் நிர்வாகத்தில் இருக்கும் கோயில். ஷோரூமிலிருந்து நேரே வரும் ஸ்கூட்டருக்கும், மூன்று கை மாறி வரும் போர்ஷேவுக்கும் அங்கே ஒரே பூஜைதான். நாம் பார்க்க வேண்டியதைத் தேங்காய் உடைக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மீட்டரைக் குறைக்கும் மோசடி எல்லா வண்டியிலும் உண்டு. ஸ்போர்ட்ஸ் காரில் பிடிப்பதுதான் கடினம். எட்டு வருட டீசல் செடான் 18,000 கி.மீ.தான் ஓடியது என்றால் சிரிப்போம். போர்ஷே கேமன் அவ்வளவுதான் ஓடியது என்றால் நம்பிவிடுவோம். 'ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்த வண்டி சார்' என்பது பல வண்டிகளில் உண்மையும்கூட. பொய் அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

டாஷ்போர்டில் தெரியும் எண் ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கிறது. லேப்டாப்பும் கருவியும் இருந்தால் அதை மாற்றச் சில நிமிடங்கள் போதும். ஆனால் போர்ஷேயின் பல மாடல்களில் இன்ஜின் கம்ப்யூட்டர் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது: இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது. சர்வீஸ் சென்டரில் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். மீட்டரில் 18,000 கி.மீ., ரிப்போர்ட்டில் 1,400 மணி என்றால் சராசரி வேகம் மணிக்கு 13 கி.மீ.கூட இல்லை. எட்டு வருடமும் தம்பானூருக்கும் கிழக்கேகோட்டைக்கும் நடுவே சாயங்கால நெரிசலில் மட்டுமே ஓட்டியிருந்தால் ஒருவேளை நம்பலாம். 35 கி.மீ. சராசரி என்று வைத்தால் வண்டி ஓடியது 49,000. ஏ.சி.யைப் போட்டு நிறுத்தியே வைத்திருந்தாலும் மணி ஏறும் என்பதால் 25 வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். 13 வந்தால் கிளம்பிவிடுங்கள்.

அதே ரிப்போர்ட்டில், இன்ஜினை அளவுக்கு மீறி முறுக்கிய தடவைகளும், கடைசியாக அது எத்தனையாவது மணியில் நடந்தது என்பதும் பதிவாகியிருக்கும். மொத்தமே 500 மணி என்று காட்டிவிட்டு, கடைசி மீறல் 1,250-ஆவது மணியில் என்றிருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மற்ற கம்பெனி வண்டிகளில் கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ். கம்ப்யூட்டர்களில் ஓடிய தூரம் தனியாகப் பதிவாகியிருக்கலாம். பி.எம்.டபிள்யூ. மாடல்கள் பலவற்றில் சாவியிலேயே பதிவாகும். டயரின் பக்கவாட்டில் 3219 என்றிருந்தால் 2019-ன் 32-ஆவது வாரம் செய்தது. இந்த ரகக் கார்களின் பின் டயர்கள் சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான். ஆனாலும் 14,000 கி.மீ.க்குள் மூன்றாவது செட் ஏன் என்று கேளுங்கள்.

இப்போது தூரம் பதிவாவதையே தடுக்கும் 'பிளாக்கர்' கருவியும் விற்கிறது. மீட்டருக்குப் பின்னால் ஒயரோடு ஒயராக உட்கார்ந்திருக்கும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

2022 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, பழைய வண்டி விற்கும் டீலர் தன்னிடம் உள்ள வண்டியின் ஒவ்வொரு ஓட்டத்தையும் மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும். நல்லதுதான். ஆனால் டீலர் கைக்கு வருவதற்கு முன்பே குறைத்த கிலோமீட்டருக்கு அதில் மருந்தில்லை. பெல்ஜியத்தில் 2006 முதல் 'கார்-பாஸ்' இருக்கிறது. வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது மீட்டர் எண் பொதுத் தரவுத்தளத்தில் ஏறிவிடும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. இங்கே அந்த வேலையை வாங்குகிறவரே, சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக அடுக்கிவைத்து, செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

(அடுத்த வாரம்: வேறு மாநிலப் பதிவெண்ணும் என்.ஓ.சி.யும்)