ரத்தக் குழாய் வளைவில் தெரியும் கண் அழுத்த நோய்

கண் பரிசோதனை என்றால் தூரத்து எழுத்துகளைப் படித்துக் காட்டுவது என்றே பலரும் நினைக்கிறோம். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் இந்தச் சோதனையில் சிக்குவதில்லை. அது பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் பறிக்கும். மயிலாடுதுறையில் என் பெரியப்பா கடைசி வரிவரை சரளமாகப் படித்துவிடுவார். வயல் வரப்பில் மட்டும் அடிக்கடி கால் இடறும். நோய் தெரிந்தபோது ஒரு கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காக்கத்தான் சொட்டு மருந்து.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, தென் மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 5150 பேரைப் பரிசோதித்து 2003-ல் ஆய்வு வெளியிட்டது. இந்நோயின் முக்கிய வகை இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதுவரை நோய் கண்டறியப்படவே இல்லை.

சரி, இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை? ஃபண்டஸ் கேமராவில் விழித்திரையைப் படமெடுத்தால், பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் வெளிர் மஞ்சள் வட்டமாகத் தெரியும். இது டிஸ்க். அதன் நடுவிலுள்ள பள்ளம் கப். நரம்பு இழைகள் சாகச் சாகப் பள்ளம் அகலமாகும். டிஸ்க்கில் கப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதைத்தான் டாக்டர்கள் கவனிக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், தட்டையான போட்டோவில் பள்ளத்தின் ஆழம் தெரியாது. நிறத்தை வைத்தும் விளிம்பைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. இங்கேதான் ரத்தக் குழாய்கள் உதவுகின்றன. வாய்க்கால் மேட்டிலிருந்து பள்ளத்தில் இறங்கும்போது திரும்புகிறதல்லவா? அதுபோல மெல்லிய குழாய்கள் கப்பின் விளிம்பில் வளைகின்றன. கோபால் தத் ஜோஷி, ஜெயந்தி சிவஸ்வாமி ஆகியோர் அரவிந்தின் டாக்டர் எஸ்.ஆர். கிருஷ்ணதாஸுடன் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட முறை இந்த வளைவுகளைத் தேடிப் புள்ளி வைக்கிறது. குழாய்களே இல்லாத பக்கத்தில், இருக்கும் புள்ளிகளை வைத்துக் கோட்டை நிரப்பிக்கொள்கிறது. அழகான யோசனை!

ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி., அரவிந்தில் எடுத்த 101 படங்களை 'த்ரிஷ்டி ஜிஎஸ்' என்ற பெயரில் 2014-ல் ஆய்வாளர்களுக்குத் தந்தது. ஒவ்வொரு படத்திலும் 3 முதல் 20 வருட அனுபவமுள்ள நான்கு நிபுணர்கள் எல்லைகளை வரைந்திருக்கிறார்கள். கப்பின் எல்லையில் நிபுணர்களே ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. சாப்ட்வேரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வீட்டிலேயே பார்க்க விரும்பினால், ஒரு ஃபண்டஸ் படத்தை ஜிம்ப் மென்பொருளில் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனியாகப் பிரியுங்கள். பச்சையில் குழாய்கள் பளிச்சென்று கறுப்பாகத் தெரியும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்வதே காரணம்.

ஆனால் உங்கள் கண்ணுக்கு நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். பிறவியிலேயே பெரிய டிஸ்க் உள்ளவர்களுக்குக் கப்பும் பெரிதாக இருக்கலாம், அது நோயல்ல. கண் அழுத்தம் சரியாக இருந்தும் நோய் வருவதுண்டு. அதனால்தான் டாக்டர்கள் படத்தோடு அழுத்தத்தையும் பக்கவாட்டுப் பார்வையையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்நோய் இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். நானும் என் அண்ணனும் வருடம் ஒருமுறை அப்பாவை அழைத்துப் போய் மூன்று சோதனைகளையும் செய்துவிடுகிறோம்.