யார் வீட்டைப் பார்த்து நம் வீடு?

வீட்டை எப்படி அழகுபடுத்தலாம் என்ற யோசனை முன்பெல்லாம் பொங்கலை ஒட்டித்தான் வரும். மார்கழிக் கடைசியில் சாமான்களை வெளியே எடுத்துப்போட்டு, ஒட்டடை அடித்து, ஊறவைத்த சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து சுவருக்கு அடிப்பார்கள். வேறு நிறம் வேண்டுமென்றால் காவி இருந்தது, மஞ்சள் இருந்தது. வெள்ளை காய்ந்ததும் படங்களைத் துடைத்து மறுபடி மாட்டும்போதுதான் பேச்சு எழும். தாத்தா படத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றலாமா, போன வருஷக் காலண்டருக்குச் சட்டம் போட்டுவிடலாமா?

அந்தக் காலண்டரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓவியர் ரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணப் படங்களாக எளிய வீடுகளுக்குள் வந்தார்கள். பிறகு கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி, மளிகைக் கடை, ஜவுளிக் கடைப் பெயர்களோடு வீடு தேடி வந்தன. வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். கூரை வீட்டுச் சுவரிலும் ஓர் ஓவியம் இருந்தது என்றால் அதற்கு இவர்களே காரணம்.

மற்றபடி, அன்று மாதிரி என்பது தெரிந்தவர் வீடுதான். கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு கூடம் கண்ணில் நிற்கும். அத்தை வீட்டு ஊஞ்சல் மனதைப் பிடிக்கும். அந்த வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள், மத்தியானம் வெறுந்தரையில் படுத்துத் தூங்கி எழுந்திருப்பார்கள். சிவப்பு சிமெண்டுத் தரை சித்திரையிலும் சில்லென்று இருப்பதும், எந்த ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் என்பதும், ஐப்பசி மழையில் எந்த மூலை ஒழுகும் என்பதும் தெரிந்தேதான் அதன்மேல் ஆசைப்பட்டார்கள். “மாமா, உங்க கொத்தனாரைக் கொஞ்சம் நம்ம வீட்டுக்கு அனுப்பி வைங்களேன்” என்று சொன்னால் போதும், வேலை ஆரம்பமாகிவிடும்.

தூர தேசத்தைப் பார்த்து ஆசைப்படுவதும் நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய நகரத்தார், அங்கே கண்டதையெல்லாம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பர்மாத் தேக்கில் தூணும் இத்தாலிப் பளிங்கில் தரையும் பெல்ஜியக் கண்ணாடியும் வந்து சேர்ந்தன. ஆனால் அவை வந்து அமர்ந்த வீட்டின் அமைப்பு இந்த மண்ணுடையது. முகப்பு, அதைத் தாண்டி வானம் திறந்த வளவு, அப்புறம் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. வெயிலும் மழையும் முற்றத்தில் இறங்க, சூடான காற்று அந்த வழியாகவே மேலே போய்விடும். சுண்ணாம்பை நாள் கணக்கில் அரைத்து, முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்துப் பூசி, கண்ணாடி போல் மினுங்கும்படி தேய்த்தார்கள் கொத்தனார்கள். வெளிநாட்டு அழகை உள்ளூர்ப் பருவத்துக்குப் பழக்கியவர்கள் அவர்கள்.

ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். கப்பலில் வந்த பூப்போட்ட தரைக் கற்களைப் பார்த்துப் பிறந்த கலை, இன்று அந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்டுக் கரைசலைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை நேராகத் தூக்க வேண்டும். கை சற்று ஆடினாலும் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் பார்ப்பார்கள். சூளையில் வைத்துச் சுடுவதே இல்லை. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி கழன்றதும் கல்லின் முகம் பளபளவென்று வெளியே வரும். புழங்கப் புழங்க அந்தப் பளபளப்பு கூடும்.

அந்தக் காலம் முழுவதும் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகப்புக்கு நிலைக்கதவு செதுக்கிய வீடுகளில்கூட அடுப்படி புகை மண்டிய கடைசிக் கட்டில்தான் கிடந்தது. நாளில் பாதியை அங்கே கழித்த பெண்களிடம், இங்கே ஒரு ஜன்னல் வேண்டுமா என்று கேட்டவர்கள் குறைவு. வீட்டின் அழகு வருகிறவர்களுக்குக் காட்டுவதாகவே பெரும்பாலும் இருந்தது.

பிறகு தொலைக்காட்சி வந்தது. கூடத்தில் இருந்த நாற்காலிகளெல்லாம் அதன் பக்கம் திரும்பின. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த பொம்மைகளும் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளும் ஷோகேஸில் நிறைந்தன. மொசைக் தரை வந்து போய், டைல்ஸ் நிலைத்தது.

இன்று மாதிரி தேட எங்கும் போக வேண்டியதில்லை. பின்டரெஸ்ட்டும் இன்ஸ்டாகிராமும் 2010-இல் தொடங்கின. யூடியூபில் ‘ஹோம் டூர்’ பார்க்காத வீடு இப்போது அபூர்வம். வீட்டுக் கடன் கிடைத்ததும் புருஷனும் பெண்சாதியுமாக உட்கார்ந்து படம் படமாகச் சேமிக்கிறார்கள். இதில் உண்மையான நன்மை இருக்கிறது. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று பெண் சொல்கிறாள், மற்றவர்கள் கேட்கிறார்கள். சமையலறைக்கு வெளிச்சம் வந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் ஒரு திரைச்சீலை, ஒரு விளக்கு, நாலு செடி வைத்து அறையைத் தமதாக்கிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் வாய்த்த ரசனை தெருவுக்கெல்லாம் பொதுவானது நல்லதுதான்.

ஆனால் படத்தில் வெக்கை தெரியாது, புழுதி தெரியாது. திரையில் திரும்பத் திரும்ப வரும் அந்த அறையைக் கவனியுங்கள்: வெள்ளைச் சுவர், வெளிர் மரம், தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, சாம்பல் நிறத் துணி சோபா. ஸ்வீடன், டென்மார்க் பக்கத்து வீடுகளின் அழகு அது. குளிர்காலத்தில் சில மணி நேரமே பகல் இருக்கும் ஊர்கள் அவை. வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் பிடித்து அறைக்குள் பரப்பத்தான் அந்த வெள்ளையும் கண்ணாடியும். நமக்கோ வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, நிழல்தான் தேவை. அதே கண்ணாடிச் சுவரை சென்னையில் மேற்குப் பார்த்து வைத்தால், மூன்று மணிக்கே திரையை இழுத்து மூடிவிட்டு ஏசி போட வேண்டியிருக்கிறது. கடற்கரை ஈரத்தில் துணி சோபா வாடை பிடிக்கிறது. ஏற்கெனவே தாழ்வான கூரைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டபின் மின்விசிறி தலைக்குமேல் வந்து நிற்கிறது. தேர்ந்தெடுத்தவர்களின் ரசனையை நான் குறை சொல்லவில்லை. திரைக்கும் கடைக்கும் நடுவே, “இது நம்ம வெயிலுக்குத் தாங்காதுங்க” என்று சொல்ல முன்பிருந்த கொத்தனார் இப்போது இல்லை என்பதுதான் என் கவலை.

இதற்கிடையே செட்டிநாட்டு வீடுகளே படங்களாகி ஊரெங்கும் சுற்றுகின்றன. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. மறுபக்கம், பங்காளிகளுக்குள் பிரிக்க முடியாமல் இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, எங்கெங்கோ விற்றுப் போகின்றன. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் இருந்த தம் வீட்டில் அப்படி வந்த செட்டிநாட்டுத் தூண்களை வைத்தார். குளிரூட்டிய அறையின் மூலையில் சாத்தி வைக்காமல், வெளிச்சம் மேலிருந்து இறங்கும் சிறு முற்றத்தோரம் அவற்றை நிறுத்தினார். தூணோடு அது நின்ற சூழலையும் அவர் மதித்தார். கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது.

ஆகவே படம் சேமிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தாராளமாகச் சேமியுங்கள், கூடவே சில வீடுகளுக்கு நேரில் போங்கள். சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பெயர்த்து வந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் அதன் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். முப்பது வருஷமாக ஒரே தரையில் நடக்கும் உறவுக்காரரிடம், எது நிலைத்தது, எதற்காக வருத்தப்பட்டார் என்று கேளுங்கள். சாயத்தை ஒரு சுவரில் மட்டும் அடித்து, ஒரு கோடையும் ஒரு மழையும் அதோடு இருந்து பாருங்கள். பிடித்த படத்தை ஊர்க் கொத்தனாரிடமோ தச்சரிடமோ காட்டி, “இதை நம்ம ஊருக்கு எப்படி மாத்தலாம்?” என்று கேளுங்கள். ஆத்தங்குடியின் பெயர் நிலைத்தது அந்தக் கேள்வியால்தான். பார்த்து ஆசைப்பட்டவர்களும், அதை மாற்றிச் செய்யக் கை தெரிந்தவர்களும் அங்கே ஒரே இடத்தில் இருந்தார்கள். அந்தக் கைகள் இன்றும் நம் ஊர்களில் இருக்கின்றன. வேலை கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.