கேம் ஷாஃப்ட் விற்கும்போது ஸ்பிரிங்கையும் கேளுங்கள்

உதிரிபாகக் கடை நடத்தும் அங்கத்தினர்களுக்காக இதை எழுதுகிறோம். (மளிகைக்காரர்களும் படிக்கலாம்; அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கார் ஓட்டுகிறார்கள்.)

எஞ்சினை அதிக வேகத்தில் சுழல வைக்க விரும்புபவர் பெரிய கேம் ஷாஃப்ட் மட்டுமே கேட்பார். வால்வைத் திறப்பதுதான் கேமின் வேலை, மூடுவது ஸ்பிரிங். எஞ்சின் நிமிடத்திற்கு 8000 சுற்று சுற்றினால் கேம் 4000 சுற்று சுற்றும். அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 66 தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். பழைய ஸ்பிரிங் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் வால்வு சரியாக மூடாது. சில எஞ்சின்களில் பிஸ்டன் மோதி வளைந்தும் போகும். பிறகு வாடிக்கையாளர் நம் கடை வாசலில்தான் நிற்பார்.

அதற்காக இருப்பதிலேயே முரட்டு ஸ்பிரிங்கைத் தள்ளிவிடுவதும் சரியல்ல. கேமின் புடைப்பு சீக்கிரம் தேயும். கேம் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள ஸ்பிரிங்கையே சேர்த்துக் கொடுங்கள். வால்வு முழுதாகத் திறக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி இருக்கிறதா என்று மெக்கானிக் அளந்து பார்த்த பிறகே பொருத்தச் சொல்லுங்கள்.